ஸ்கேன் அறிக்கையில் பூஜ்ஜியம் கேட்பது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மென்பொருளை ஒப்படைக்கும் முன் அதன் கன்டெய்னர் இமேஜை (செயலியும் அது ஓடத் தேவையான கோப்புகளும் அடங்கிய பொதியை) ஸ்கேன் செய்து, அறிக்கையில் பாதுகாப்புக் குறைபாடு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று தணிக்கையாளர்கள் சிலர் நிபந்தனை விதிக்கிறார்கள். இத்தகைய அறிக்கைகளோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவன் என்ற முறையில், இதனால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் என்பேன்.

ட்ரிவி, க்ரைப் போன்ற ஸ்கேனர்கள் இமேஜில் உள்ள பேக்கேஜ்களின் (மென்பொருள் தொகுப்புகளின்) பெயரையும் பதிப்பு எண்ணையும் குறைபாட்டுப் பட்டியலோடு ஒப்பிடுகின்றன. குறைபாடுள்ள நிரல் நம் செயலியில் ஓடுமா என்பதைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அமைந்த இமேஜில் சி கம்பைலரும் (சி மொழி நிரலை இயங்கக்கூடிய கோப்பாக மாற்றும் கருவி) இருந்துவிட்டால், சில ஸ்கேனர்களின் அறிக்கையில் 'லினக்ஸ்-லிப்சி-டெவ்' என்ற ஒரே பேக்கேஜின் பெயரில், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் குறைபாடுகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும். அதில் இருப்பவையோ கம்பைல் செய்யும்போது மட்டும் தேவைப்படும் ஹெட்டர் கோப்புகள். கன்டெய்னருக்கென்று தனிக் கர்னல் கிடையாது, சர்வரின் கர்னலில்தான் அது ஓடுகிறது என்பதால், திருத்த வேண்டிய இடமும் சர்வர்தான். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் 'டார்' கருவியின் பெயரில் உள்ள சிவிஇ-2005-2541 என்ற எண்ணுள்ள குறைபாடு இன்னொரு பழைய விருந்தாளி. அது கருவியின் இயல்பான செயல்பாடே என்று டெபியன் குழுவினர் குறித்துவைத்த பிறகும் அறிக்கைகளில் தலைகாட்டுகிறது.

நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், கெடு நெருங்கியதும் மிச்சமிருந்த குறைபாட்டு எண்கள் அத்தனையையும், ஸ்கேனர் காட்டாமல் விட வேண்டியவற்றுக்கான விலக்குப் பட்டியலில் கொட்டினோம். அறிக்கை பச்சையானது, கையொப்பமும் கிடைத்தது. நாங்கள் உண்மையிலேயே பயன்படுத்திய, படங்களைக் கையாளும் லைப்ரரியின் ஓட்டை ஒன்றும் அதில் சேர்ந்து புதைந்திருந்தது இரண்டு மாதம் கழித்தே கண்ணில் பட்டது.

திருத்தம் வெளிவராத குறைபாடுகளை அறிக்கையில் மறைக்கும் ஸ்கேனர் வசதியும் இப்படிப்பட்டதுதான். திருத்தம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்றாகிவிடாது. கம்பைலரைக் கட்டுமானக் கட்டத்தோடு விட்டுவிட்டு, ஓடுவதற்குத் தேவையானதை மட்டும் இறுதி இமேஜில் வைத்தாலே பட்டியல் பெருமளவு சுருங்கும். மிஞ்சுவதற்கு 'வெக்ஸ்' என்ற அறிக்கை வடிவம் இருக்கிறது: பாதிப்பில்லை என்றால், அந்த நிரல் இமேஜில் இல்லையா, இருந்தும் இயக்கப்படுவதில்லையா என்று காரணத்தை அதில் பதியலாம். மேற்சொன்ன இரு ஸ்கேனர்களும் அதைப் படிக்கும்.

ஆகவே, ஒப்பந்தங்களில் 'பூஜ்ஜியம்' கேட்பதை விட்டு, ஒவ்வொரு விலக்குக்கும் காரணம், பொறுப்பாளரின் பெயர், மறுபரிசீலனைத் தேதி ஆகிய மூன்றையும் தணிக்கையாளர்கள் கேட்க வேண்டும் என்று இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
சென்னை.