‘சாப்ட்டியா’வுக்கு என்ன பதில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

“பெரியத்தைகிட்ட பேசினா ரெண்டு நிமிஷத்துல பேச்சு தீர்ந்துபோகுதுப்பா” என்று போன வாரம் சொன்னாய். போனில் விளக்கப் போனால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அத்தையின் முதல் கேள்வி எப்போதும் “சாப்ட்டியா?” நீ “சாப்ட்டேன் அத்தை” என்கிறாய். அங்கேயே பேச்சு படுத்துவிடுகிறது. பள்ளியில் நன்னூலின் வினா வகை ஆறு, விடை வகை எட்டு என்று மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்தாயே, அதைக் கொஞ்சம் தூசி தட்டு. வாசலில் நிற்பவரிடம் அத்தை இப்படிக் கேட்டால் அது கொடைவினா. ‘இல்லை’ என்று சொன்னால் இலை போடத்தான் கேட்கிறார். ஜெர்மனியில் இருக்கும் உனக்குப் போனில் இலை போட முடியாது, கேள்வி மட்டும் நிற்கிறது. அதற்கு நீ சொன்னது நேர்விடை. இலக்கணப்படி பிழையே இல்லை, ஆனால் அவர் அடுத்துப் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். மீதி ஐந்தும் சுற்றி வந்து சொல்பவை. பேச்சை வளர்ப்பவை பெரும்பாலும் இந்த ஐந்துதான். “இப்பதான் ஆபீஸ்லேர்ந்து வந்தேன் அத்தை” என்றால் உற்றது உரைத்தல். “இப்ப சாப்ட்டா தூக்கம் வந்துடும்” என்றால் உறுவது கூறல். “காபிதான் குடிச்சேன்” இனமொழி. “சாப்டாமலா இருப்பேன் அத்தை?” என்று திருப்பிக் கேட்டால் அது வினா எதிர் வினாதல். வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடைதான் என்று தொல்காப்பியமே ஒப்புக்கொள்கிறது, தைரியமாகக் கேள். “இன்னும் சாப்பிடல” என்று மொட்டையாக மட்டும் சொல்லிவிடாதே. அது நாளைக்கே உன் அம்மா காதுக்கு வந்து, இங்கே எனக்குத்தான் விசாரணை நடக்கும்.

அளவு இதுதான்: பதில் ஒன்று, கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள், திருப்பி ஒரு கேள்வி.

“சாப்ட்டியா பாப்பா?”
“ஆச்சு அத்தை. ரசமும் அப்பளமும். நீங்க?”
“அப்பளம் அங்க கிடைக்குதா?”

அப்பளத்தைப் பிடித்துக்கொண்டார் பார். காலையிலிருந்து சாப்பிட்ட எல்லாவற்றையும் ஒப்பித்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொரு கோளாறு உன் கையில் இல்லை, கம்பியில் இருக்கிறது. 2009-இல் பத்து மொழிகளில், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வருகிறது என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஜப்பானியர் மிக வேகம், டேனிஷ்காரர் கொஞ்சம் நிதானம். சராசரியாக, கேள்வி முடிந்து சுமார் 0.2 நொடியில் பதில் வந்துவிடுகிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு 0.6 நொடி போல ஆகும். அப்படியானால் எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்று அர்த்தம். இதே ஆய்வில் ‘ஆம்’ சட்டென்று வந்தது, ‘இல்லை’ தாமதமாக வந்தது. நம் ஊரிலும் அப்படித்தானே? “கல்யாணத்துக்கு வர்றியா?” என்றால் வருகிறவர் உடனே “வர்றேன்” என்பார். வராதவர் ஒரு கணம் நிறுத்தி, “இல்ல... வரணும்னுதான்...” என்று இழுத்து, கடைசியில் “பார்க்கலாம்” என்பார். பார்க்கலாம் என்றால் வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

இப்போது வாட்ஸ்அப் காலுக்கு வா. குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 0.15 நொடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது தொலைபேசித் துறைக்காரர்களின் கணக்கு. ஜெர்மனியிலிருந்து வைஃபை, செல் சிக்னல் எல்லாம் தாண்டி வரும்போது அது கூடிவிடும். அத்தையின் கேள்வி உன்னிடம் வர ஒரு தாமதம், உன் பதில் திரும்பிப் போக இன்னொன்று. நீ சட்டென்று சொன்ன “வர்றேன் அத்தை” அங்கே அரை நொடி, முக்கால் நொடி பிந்திப் போய் விழுகிறது. அவர் காதுக்கு அது “பார்க்கலாம்” மாதிரி கேட்கும். “பொண்ணு முன்ன மாதிரி இல்ல, ஒப்புக்குப் பேசுது” என்று அவர் குறைப்படுவதில் பாதி இந்தத் தாமதத்தின் வேலை என்று நினைக்கிறேன்.

தாமதத்தை ஒழிக்க முடியாது, குறைக்கலாம். ப்ளூடூத் இயர்போனும் தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். போனைக் காதில் வைத்துப் பேசு. சிக்னல் மோசமென்றால் வீடியோவை நிறுத்திவிடு. ஒரு மூச்சில் ஒரு கேள்விதான். கேட்டபின் மனதுக்குள் ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணு. நீ எண்ணாமல் இரண்டாவது கேள்வியைப் போட்டால் அதே நேரத்தில் அவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டும் மோதும், இருவரும் நிறுத்துவீர்கள், பிறகு “நீ சொல்லு”, “இல்ல, நீங்க சொல்லுங்க” தொடங்கும். மோதினால் பெரியவர் தொடரட்டும், நீ நிறுத்திக்கொள்.

தமிழுக்கென்று ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நம் வாக்கியத்தின் உயிர் வால் பகுதியில் இருக்கிறது. வந்துட்டான், வந்துட்டானா, வந்துட்டானாம், வந்துட்டானே, வந்துட்டானோ: கடைசி ஒலி மாறினால் செய்தி கேள்வியாகிறது, வதந்தியாகிறது, புலம்பலாகிறது. லைன் அறுபடுகையில் அந்தக் கடைசி ஒலி போய்விட்டால், அத்தை கேட்டது உனக்குச் சேதியாக வந்து சேரும். நீ “ஓ, அப்படியா” என்பாய், அவர் பதிலுக்குக் காத்திருப்பார். சந்தேகம் வந்தால் வெறுமனே “என்ன?” என்று கேட்காதே. பெரியவர்களிடம் அது துடுக்காகவும் படும், முழுவதையும் முதலிலிருந்து சொல்லவும் வைக்கும். காதில் விழாத துண்டை மட்டும் கேள்: “யாரு அத்தை வந்துட்டது?”

‘இல்லை’ கலந்த கேள்வியிலும் கவனம். “தீபாவளிக்கு வரலையா?” என்றால் “ஆமா” என்பது வரவில்லை என்றாகும். அங்கே இங்கிலீஷ் பேசிப் பேசி நீ “ஆமா” என்றால் வருவதாக எண்ணுகிறாய். வினைச்சொல்லையே திருப்பிச் சொல்லிவிடு: “வரல அத்தை”, “வர்றேன் அத்தை”. “ம்” கொட்டுவதும் இப்படித்தான். ஆமோதிப்பதாக நினைத்து “ம்ஹும்” என்கிறாய். நம் வீட்டில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். தனி “ம்” போதும். அத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தால் அதையும் வாக்கியம் முடிகிற இடத்தில் மட்டும் சொல். ஸ்பீக்கரில் ஒரு பக்கக் குரல் வந்தால் மறுபக்கத்தைப் போன் அமுக்கிவிடும். உன் “ம்” அவருடைய சொல்லை விழுங்கும். அதற்காக ஒரேயடியாக ஊமையாகிவிடாதே, “ஹலோ, லைன்ல இருக்கியா?” என்று கத்துவார்.

“எங்க வீட்ல” என்று அத்தையிடம் சொல்லாதே. “நம்ம வீட்ல.”

முடிப்பதுதான் கஷ்டம். “அப்புறம்?” என்று குரல் மேலே போனால் இன்னும் பேசு என்று பொருள். “அப்புறம்...” என்று கீழே இறங்கினால் சரக்கு தீர்ந்தது. இறங்கியதும் “சரி வெக்கிறேன்” என்று வெட்டாதே. “சரி அத்தை” என்று தொடங்கி, நடுவில் பேசிய ஒன்றைத் தொட்டுவிடு, “முழங்காலுக்கு அந்த எண்ணெய விடாம தேய்ங்க.” பிறகு அடுத்து எப்போது கூப்பிடுவாய் என்று சொல். அதன்பின் “வெச்சிடட்டுமா?” பெரும்பாலும் இந்த இடத்தில்தான் “ஆங், சொல்ல மறந்துட்டேன்” என்று வரும். அவர் உன்னிடம் சொல்ல நினைத்த விஷயமே அதுவாக இருக்கக்கூடும். அதற்கென்று நான்கைந்து நிமிடம் கையில் வைத்துக்கொண்டு “வெச்சிடட்டுமா”வை ஆரம்பி. நேரில் என்றால் “போயிட்டு வர்றேன்”, ‘போறேன்’ கிடையாது. துக்க வீட்டில் மட்டும் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வந்துவிட வேண்டும், இது உனக்கு ஊருக்கு வரும்போது உதவும்.

கோடையில் நமக்கும் உனக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அத்தை இரவு ஏழரைக்கு சீரியல் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஞாயிறு சாயங்காலம் நம் ஊர் நேரம் ஆறு மணிக்குக் கூப்பிடு, அவர் பூக்கட்டிக்கொண்டிருப்பார். என்ன பூ என்று கேள்.

அன்புடன்,
அப்பா