கார்த்திக் கேட்ட கேள்வி

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே.

"ரெண்டு யூனிட் ரத்தத்தில் பிழைக்கிற உயிரை, மதம் என்று சொன்னால் விட்டுவிடுவதா?" என்று உன் கார்த்திக் கொதித்ததாக எழுதியிருந்தாய். ஹவுஸ் சர்ஜனுக்கு அந்தக் கோபம் வரத்தான் வேண்டும். ஆனாலும் நான் ரத்தம் வேண்டாம் என்கிற நோயாளியின் பக்கம்தான்டி.

1979இல் கனடாவில் ஒரு கார் விபத்து. கணவர் இறந்துவிட்டார். மனைவிக்கு 57 வயது, நினைவில்லை. நர்ஸ் கைப்பையைத் திறந்தால் ஒரு அட்டை: நான் யெகோவாவின் சாட்சி, எந்த நிலையிலும் ரத்தம் ஏற்றக்கூடாது. ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவு அது. அட்டையில் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. டாக்டர் ஏற்றினார். மகள் ஓடிவந்து நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. அந்த அம்மா பிழைத்து, வழக்குப் போட்டார். டாக்டரின் சிகிச்சையில் அலட்சியம் இல்லை என்றது கோர்ட்; ஆனால் சம்மதமில்லாமல் உடம்பில் கைவைத்தது தவறு என்று 20,000 டாலர் கொடுக்கச் சொன்னது. 1990இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பிழைத்தவரே கோர்ட்டுக்குப் போனார் என்பதை கார்த்திக் யோசிக்கட்டும். பைபிளில் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் ரத்தத்துக்கு விலகியிருக்கச் சொன்னது அந்த அம்மாவுக்குக் கடவுளின் கட்டளை.

இங்கிலாந்தில் 1992இல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி. 20 வயதுப் பெண், கர்ப்பிணி, விபத்தில் அடிபட்டவள். யெகோவாவின் சாட்சியான தன் அம்மாவோடு தனியாக இருந்த பிறகுதான் ரத்தம் வேண்டாம் என்றாள். அது அவளுடைய சொந்த முடிவில்லை என்று கருதி, ரத்தம் ஏற்றியது சரியே என்றது நீதிமன்றம். எனக்கு இரண்டு தீர்ப்பும் நியாயமாகவே படுகிறது.

அதனால் அவனிடம் சொல்: உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்கட்டும். எது வேண்டாம், எது பரவாயில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைக்கட்டும். சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் வேண்டாம் என்பவர்களில் சிலர், ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின் என்ற புரதத்துக்குச் சம்மதிப்பார்கள். ஆபரேஷனில் வழியும் தங்கள் ரத்தத்தையே சுத்தம் செய்து திருப்பி ஏற்றுவதற்கும் சம்மதிப்பவர்கள் உண்டு. நாள் குறித்த ஆபரேஷன் என்றால், முன்கூட்டியே அயர்ன் ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிவிடலாம். குழந்தைகள் விஷயம் வேறு. பெற்றோரின் நம்பிக்கைக்காகப் பிள்ளையின் உயிரை விட நான் ஒப்பமாட்டேன்.

மீதியை நேரில் பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை அவனை எனக்கு போன் பண்ணச் சொல்.

அன்புடன்,
வசந்தா