வானியல் மன்ற ஆண்டறிக்கை 2024–25: செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

இந்த ஆண்டு நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாளுக்குப் பள்ளிகளில் பேசினோம். அக்டோபரில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீனுக்கு ஏற்பாடு செய்த இரவில் மழை. ஜனவரியில் செவ்வாய் பார்க்க நல்ல கூட்டம், சுண்டல் பத்தவில்லை.

இனி பலரும் முணுமுணுக்கும் விஷயம். "மன்றக் காசில் கேமரா வாங்கி, கண்ணுக்கே தெரியாத ஒரு நட்சத்திரத்தைச் செயலாளர் மார்கழி பூரா பார்த்தாருங்களே, என்னத்துக்கு?" என்று கேட்டார்களாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

சூரியனைவிடக் கனமான விண்மீன்களை ஒட்டிச் சுற்றும் கோள்கள் குறைவாகவே அகப்பட்டிருக்கின்றன. 1995இல் 51 பெகாசி என்ற விண்மீனின் கோள் கிடைத்தது, கோளின் இழுப்பில் விண்மீன் ஆடுவதை நிறமாலைக் கோடுகளில், அதாவது அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகளில், அளந்ததால். கனமான விண்மீன்களில் சூடு அதிகம், கோடுகள் கொஞ்சம். தன்னைத்தானே வேகமாகச் சுற்றுவதால் அந்தக் கோடுகளும் அகன்று மங்கிவிடும். வயதாகிக் குளிர்ந்தபின் கோடுகள் தெளியும்தான், ஆனால் பெருத்த விண்மீன் பக்கத்துக் கோளை அதற்குள் விழுங்கியிருக்கலாம். ஆகவே கோள் குறுக்கே கடக்கும்போது ஒளி குறைவதைப் பிடிப்பதே நல்ல வழி. 10,000 டிகிரி சூடுள்ள கெல்ட்-9 என்ற விண்மீனின் கோளை முதலில் மோப்பம் பிடித்தது வெறும் 4.2 செ.மீ. லென்ஸ். நம்முடையது 8 அங்குலத் தொலைநோக்கி. மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கியை வைத்து, சூரியனைப்போல் ஒன்றரை மடங்கு கனமுள்ள டிஓஐ-1789 என்ற விண்மீனின் கோளை 2021இல் நம் நாட்டவரே அறிவித்தார்கள்.

கெல்ட்-9 இருக்கும் சிக்னஸ் விண்மீன் கூட்டம் மாலையில் உயரும் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் மேகமும் ஐப்பசி மழையும் நம்மை விடாது. அதனால் ஆண்ட்ரோமீடா விண்மீன் கூட்டத்தில் உள்ள வாஸ்ப்-33 என்ற கனமான விண்மீனை எடுத்தேன். 2010இல் உறுதியான அதன் கோள் 1.22 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. கடக்க இரண்டே முக்கால் மணி நேரம் போல ஆகும், ஒளி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். இதில் அந்த விண்மீன் வேறு சுமார் ஒரு மணிக்கொரு தடவை தானே லேசாகத் துடிக்கும். எது துடிப்பு, எது கோள் என்று பிரிக்க, கடப்புக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஐந்து மணி நேரம் விடாமல் படம் எடுக்க வேண்டும். நடுநிசிக்கு மேல் அது வடமேற்கில் திருப்பூர் வெளிச்சத்துக்குள் இறங்கிவிடும்.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்ட வீட்டில், ஆள் மாற்றி உட்கார முறை போட்டோம். பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் நிறையப் பேர். லென்சில் படிந்த பனியைத் துடைத்தவர்கள் யார் என்பது சாளைக்காரருக்குத் தெரியும். ஒரே ஒரு இரவு முழுசாகக் கிடைத்தது. சரிவு தெரிகிறது, அதன்மேல் துடிப்பும் தெரிகிறது. படம் பின்சுவரில் ஒட்டியிருக்கிறது. மற்ற இரவுகளில் பாதிக் கடப்போடு நின்றதற்கு மேகம் காரணமில்லை.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாகச் சொல்வார். சுருக்கமாக, கையிருப்பு இருக்கிறது, பெருமைப்படும் அளவுக்கு இல்லை. கேமராவில் ஒரு பங்கு என் கைக்காசு, அதை நான் கேட்கவில்லை.

இடமும் கரண்டும் கொடுத்த தோட்டத்துக்காரருக்கும், மண்டபத்தாருக்கும், நிர்வாகக்குழுவுக்கும் நன்றி.

வரும் கார்த்திகையில் வாஸ்ப்-33 மறுபடி வசதியாக வரும். வேறு யாராவது செயலாளர் ஆனாலும் எனக்குச் சம்மதம்தான், சாளைச் சாவியை இன்றே தருகிறேன். வாங்குபவர் ராத்திரி ஒரு மணிக்கு போனை எடுப்பவராக இருந்தால் போதும். சந்தா பாக்கி உள்ளவர்களின் பெயர்களை இங்கே படிப்பதாக இல்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, அவர் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.