சப்பாத்தைக் கழற்றும் ஊரில் இருக்கும் மச்சானுக்கு

மச்சான்,

நோர்வேயின் வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் லோங்யியர்பியனில் இருந்து நீ வாட்ஸப்பில் அனுப்பிய படத்தைப் பத்துத்தரம் பார்த்திருப்பேன். மலைக்காக இல்லை, ஹோட்டல் வாசலில் வரிசையாகக் கிடந்த சப்பாத்துகளுக்காக. நோர்வேக்காரனும் எங்களைப் போல வாசலில் கழற்றிவிட்டா உள்ளே போகிறான் என்று முதலில் சிரித்தேன். சுரங்கத்தால் வந்தவர்கள் நிலக்கரித் தூளை உள்ளே கொண்டுவரக் கூடாதென்று தொடங்கின பழக்கம் அது என்று நீ சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்பாதான் நினைவுக்கு வந்தார். காங்கேசன்துறை சீமெந்து ஆலை. வேலை முடிந்தால் சைக்கிளைப் படலைக்குள் உருட்டி, நேரே கிணற்றடி; குளிக்காமல் விறாந்தையில் ஏற அம்மா விடமாட்டா. புருவத்திலும் காதுக்குப் பின்னாலும் சாம்பல் தூள், சேர்ட் கொலர் மடிப்பில் அது வியர்வையோடு இறுகிப்போய் எத்தனைதரம் தோய்த்தாலும் போகாது.

லோங்யியர்பியன் எங்கே, நாங்கள் எங்கே. உனக்கு 78 பாகை வடக்கு, சுற்றிவர மலை, ஒரு மரம் கிடையாது. எங்களுக்கு மருந்துக்கும் மேடில்லை, கீரிமலை என்று பெயர் மட்டும் இருக்கிறது. துவக்கில்லாமல் ஊரெல்லை தாண்டக் கூடாது, பனிக்கரடி வரும் என்று நீ சொன்னதைக் கேட்டு மாமி, "துவக்குக்குப் பயந்துதானே இவனை அனுப்பினது" என்றா. அதற்கு நான் என்ன சொல்ல?

1906இல் ஓர் அமெரிக்கர் நிலக்கரி தோண்டத் தொடங்கிய ஊர், கடைசியாக இருந்த ஏழாம் இலக்கச் சுரங்கத்தையும் 2025இல் மூடிவிட்டது. மூடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் மூடினார்கள். 1950இல் தொடங்கின எங்கள் ஆலை 1990இல் சண்டையோடு நின்றது, யாரும் நாள் குறித்துச் சொல்லவில்லை. நாளைக்கும் வேலைக்குப் போவோம் என்று அப்பா பொக்கற்றில் போட்டுவந்த லொக்கர் திறப்பு இன்னமும் சாமித்தட்டில் கிடக்கிறது. சுண்ணாம்புக்கல் வெட்டின கிடங்குகளும் அப்படியே கிடக்கின்றன.

அங்கே மூன்றாம் இலக்கச் சுரங்கத்துக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்களாமே. லீவு கிடைத்தால் ஒருக்கால் போ. இயந்திரத்தை விடு, வேலைக்காரர் உடுப்பு மாற்றின இடம் இருந்தால் அதைப் படம் எடுத்து அனுப்பு.

மாதக்கணக்காக வெயிலே காணாத உன் ஊருக்குள் மார்ச் 8இல்தானே வெயில் திரும்பி வருகிறது, அன்றைக்குக் கட்டாயம் கோல் எடு. மாமி மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறா, யாரிடம் கொடுத்துவிடுவதென்று அதற்கு முதல் சொல்லு.