கடிக்குக் காரணம் கத்தரிக்காய்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தோலில் தடிப்பும் கடியும் (அரிப்பும்) வந்தால் திருகோணமலையில் முதலில் பழி விழுவது சாப்பாட்டின் மேல்தான். கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாம் கிரந்தி, அதாவது தோலுக்கு ஆகாத சாப்பாடு என்று விலக்கிவிட்டு, கடிக்குக் காரணமான பொருளை நாள்தோறும் தொட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சாப்பாட்டு ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மணித்தியாலத்துக்குள் காட்டிவிடும். தொட்ட பொருளால் வருவது ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே கிளம்பும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போட்ட கவரிங் தோட்டால் காது சிவந்து நீர் வடிவது ஞாயிற்றுக்கிழமை. அன்று சமைத்த நண்டு மாட்டிக்கொள்கிறது. பத்து வருடம் பாவித்த பொருள்தானே என்று அதைச் சந்தேகிக்காமல் இருக்கவும் கூடாது. உடம்பு அதை ஏற்க மறுப்பது எந்த வயதிலும் தொடங்கலாம்.

கடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். தொப்புளுக்குக் கீழே நாணயக் குற்றி அளவில் கறுத்துத் தடித்தால் காரணம் ஜீன்ஸ் பொத்தானிலுள்ள நிக்கல் என்ற உலோகம். வியர்வை அதைக் கரைத்துத் தோலுக்குள் இறக்குகிறது. புறங்காலில் செருப்பு வார் போகும் கோட்டில் என்றால் றப்பரில் சேர்க்கும் இரசாயனம். தலைக்கு டை பூசியவருக்குத் தலையை விடக் கண் இமையும் காது விளிம்பும்தான் வீங்கும். மேசன் வேலை செய்பவரின் கை வெடிப்புக்குச் சீமெந்தின் காரமும் அதிலுள்ள குரோமேற்று என்ற இரசாயனமும் காரணம். மோதிரத்தின் கீழ் மட்டும் என்றால் அங்கே தங்கும் சவர்க்காரத்தையும் சந்தேகியுங்கள்.

ஒட்டுப்பொட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அதன் பசையிலுள்ள சில இரசாயனங்கள் தோலின் நிறமிக் கலங்களையே அழிக்கும். கடியே இல்லாமல் நெற்றியில் பொட்டளவு வெளிறும். வெண்குட்டம் என்று பயந்து, அதை மறைக்க இன்னும் பெரிய பொட்டு ஒட்டுகிறார்கள்! வெளிறத் தொடங்கியதுமே நிறுத்தினால் நிறம் திரும்ப இடமுண்டு.

மீன் வாடை போகத் தேசிக்காய் தேய்த்த கையோடு வெயிலில் நிற்பவர்களுக்கு, சாறு வழிந்த பாதையிலேயே மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எரிந்து, பிறகு கபிலக் கோடு விழும். இது ஒவ்வாமையே அல்ல. சாறும் வெயிலும் சேர்ந்து சுட்ட புண். கழுவிவிட்டு வெளியே போனால் வராது. கோடு மங்கச் சில மாதம் பிடிக்கும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீரொயிட் கலந்த கிறீம்தான் எங்களை மிகவும் கவலைப்படுத்துகிறது. இரண்டு நாளில் கடி அடங்கும். காரணம் அப்படியே இருக்கும். அந்தத் தடிப்பு படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருந்தால் வட்டம் குலைந்து பரவி, வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகும். பச்சை வெள்ளைப்பூண்டை அரைத்துக் கட்டுவது, கிருமிநாசினியைத் தண்ணீர் கலக்காமல் பூசுவது இரண்டும் தோலைப் பொசுக்கும்.

சந்தேகப்படும் பொருளை மூன்று கிழமை முழுதாக விடுங்கள். பூசிவிட்டுக் கழுவாத கிறீம் என்றால், தோல் ஆறியபின் முழங்கையின் உட்புறம் குற்றி அளவில் காலை மாலை ஒரு கிழமை பூசிப் பாருங்கள். சிவந்தால் அதுவே காரணம். டை, சவர்க்காரம், கிருமிநாசினியை இப்படிச் சோதிக்க வேண்டாம்.

தோல் கிளினிக்குக்கு வரும்போது தோடு, பொட்டு மட்டை, டை பெட்டி, செருப்பு, பூசிய மருந்துக் குழாய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனைக்கு எதை வைப்பது என்று அந்தப் பையை வைத்துத்தான் முடிவெடுப்போம். ஒட்டியதை இரண்டாம் நாள் கழற்றி, மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடி பார்க்கவேண்டும். அதுவரை முதுகு நனையக்கூடாது.

தோல் சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்,
திருகோணமலை.