மஞ்சள் நிறம் இருக்கட்டும், வெடிப்பைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சளடித்த வெள்ளை ஸ்கீ சப்பாத்தில் ஹைட்ரஜன் பெராக்சைட் பூசி வெயிலில் வைத்தால் புதிதுபோல் வெளுக்கும் என்று சென்ற வார வீட்டுக்குறிப்பில் போட்டிருந்தீர்கள். நான் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் ஸ்கீ வாடகைக் கடையொன்றின் பட்டறையில் வேலை செய்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கீ முகாமுக்கென்று புரோக்கன்ஹவுஸ் என்ற பழைய பொருள் கடையில் மலிவாக வாங்கிய சப்பாத்துகளோடு எங்கள் ஆட்கள் பலர் வருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பெராக்சைட் வைத்தியம் பழைய கணினிப் பெட்டிகளால் பிரபலமானது. அவை ஏபிஎஸ் பிளாஸ்டிக். ஸ்கீ சப்பாத்தின் கடினமான வெளி ஓடு பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற வேறு பிளாஸ்டிக். புற ஊதாக் கதிர் பட்டு அதன் மேற்பரப்பு மஞ்சளாகும். வெளுத்தாலும் திரும்ப மஞ்சளாகும். அந்த நிறத்தால் மட்டும் ஆபத்தில்லை. ஆபத்து உள்ளே இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் வருடக்கணக்காக ஊறி, பிளாஸ்டிக்கின் பிணைப்பை அறுத்துக்கொண்டே போகும். ஒருநாளும் போடாமல் கெல்லரில், அதாவது நிலவறையில், பெட்டிக்குள் வைத்த சப்பாத்துக்கும் இதே கதிதான். வெளியே பளபளவென்று இருக்கும்.

போன பனிக்காலத்தில் ஒரு தாய் மகனுக்காக அப்படி வெளுத்த ஒரு சோடியைக் கொண்டுவந்தார். சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கைச் சரிசெய்ய முன், பையனின் காலில் மாட்டி மேல் பக்கிளை இழுத்தேன். கணுக்காலுக்குக் கீழே ஓடு அப்பளம் போல் உடைந்தது. உடைந்த விளிம்பைத் தடவினால் விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. பையன் பயந்துபோய் அம்மாவைப் பார்த்தான். இது மலைச்சரிவில் நடந்திருந்தால்? பைண்டிங் பிடிப்பதே சப்பாத்தின் முன், பின் விளிம்புகளைத்தான். அவை உடைந்தால் ஓட்டத்தின் நடுவே ஸ்கீ கழன்றுவிடும்.

வாங்கும்போது உள் சப்பாத்தை வெளியே எடுத்துவிட்டு, டார்ச் அடித்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். பல சப்பாத்துகளில் சின்னக் கடிகாரம் மாதிரி ஒரு வட்டமும் அம்புக்குறியும் இருக்கும். அது வார்த்த மாதத்தையும் வருடத்தையும் காட்டும். பத்து வருடம் தாண்டியதை எங்கள் பட்டறையில் சந்தேகத்தோடுதான் தொடுவோம். பக்கிள் ஆணிகளைச் சுற்றியும் குதிகாலிலும் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், என்ன விலையானாலும் வேண்டாம்.

நல்ல ஓடாக இருந்து மஞ்சள் மட்டும்தான் என்றால், வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். அப்புறம், சீசன் முழுவதற்கும் பிள்ளைகளின் சப்பாத்தை வாடகைக்குத் தரும் கடைகள் இங்கே நிறைய உண்டு. கால் வளரும் பிள்ளைக்கு அதுதான் சரி.

பெப்ரவரி விளையாட்டு விடுமுறை வர முன்னர், அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில் இதையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
ஸ்கீ பட்டறைப் பணியாளர்,
கூர், சுவிட்சர்லாந்து