ஊரில் இருந்தபடியே ஊரை இழப்பவர்கள்

ஐயா,

ஊரைப் பிரிந்தவர் படுவது ஏக்கம். ஊரிலேயே இருந்துகொண்டு, கண்ணெதிரே அது சிதைவதைப் பார்ப்பவர் படுவது? ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில், நிலக்கரிச் சுரங்கத்தின் வெடிச்சத்தத்துக்கும் தூசிக்கும் நடுவே வாழ்ந்தவர்களைப் பார்த்து, 2003இல் சுற்றுச்சூழல் தத்துவ அறிஞர் கிளென் ஆல்பிரெக்ட் இந்த வேதனைக்கு 'சோலஸ்டால்ஜியா' என்ற சொல்லை உருவாக்கினார். இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டு என்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. அதே பள்ளத்தாக்கின் பல்கா கிராமத்தினர் வார்க்வொர்த் நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்தை எதிர்த்த வழக்கில் இந்த வேதனையும் சாட்சியமானது. 2013இல் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. 2015இல் புது விண்ணப்பத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது, அது கொடுமை. ஆனாலும் மனம் நொந்தவர்களின் பேச்சை ஒரு நீதிபதி காது கொடுத்துக் கேட்டாரே! நம் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டங்களிலும் இழப்பீட்டுக் கணக்கோடு இந்த மனவேதனையையும் அதிகாரிகள் பதிவு செய்ய வேண்டும்.

— ஒரு வாசகர்